உங்க வகையா, எங்க வகையா

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பிற்பாடு வேறு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் எனக்குத்தான் அசிங்கம்.

ஆண்டு மலருக்குக் கதை எழுதச் சொல்லி ஒரு பத்திரிகையாசிரியர் கார்டு போட்டிருந்தார். 'அன்றாட வாழ்க்கை, பிரயாணத்தில் நேரும் சங்கடங்கள், எது நடந்தாலும் முகம் வாடாமல் இருப்பது. இப்படி ஏதாவது, வாசகர்கள் சிரிக்கும்படியாக, ஆறு பக்கம்.' கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இதைப் போய் என்னிடம் ஏன் கேட்கிறார்? சிரித்த முகத்தோடு எதிரே வருகிறவனைக் கண்டால் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிற ஆள் நான். வேறு யாரோ எழுத மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சந்தேகத்தோடுதான் பேனாவை எடுத்தேன்.

தென்காசி ஸ்டேஷனில் பாசஞ்சர் வந்து நின்றபோது சாரல் பூப்போலத்

(நிறுத்திவிட்டேன். சாரல் பூப்போலத் தூவியது என்று எழுதாத ஆள் இந்தப் பக்கத்தில் கிடையாது.)

பிரயாணம் என்பது மனிதனுக்கு ஒரு

(ஒரு என்ன? எனக்கே தெரியவில்லை.)

ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஆடி மாதம், கையில் டிரங்குப் பெட்டியும் காலில் ஒற்றைச் செருப்புமாக ஒருவர் தென்காசியில் ரயிலை விட்டு இறங்கினார். சிரித்துக்கொண்டிருந்தார்.

இந்த வரி மட்டும் அடிபடாமல் நின்றுவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒற்றைச் செருப்பை நான் யோசித்து எழுதவில்லை. அந்தச் சிரிப்பையும்தான். இவர் யார், எங்கிருந்து வருகிறார், ஒரு செருப்பைத் தொலைத்த மனுஷனுக்குச் சிரிப்பு எதற்கு, ஒன்றும் எனக்குத் தெரியாது. எழுதிக்கொண்டே போனால் தெரிந்துவிடும் என்று அவர் போக்கில் விட்டேன். நான் செய்த முதல் தப்பு அது.

2

அவர் ஒரு குதிரை வண்டியில் ஏறி, இராமலட்சுமி வீட்டு வாசலில் வந்து இறங்கினார்.

இராமலட்சுமியை நான் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். முப்பத்திரண்டு வயது. கணவர் வல்லிநாயகம், மேலகரத்தில் வயல், தென்காசியில் வீடு. அவளுக்குப் பிறந்த வீடு வாசுதேவநல்லூர். பஸ்ஸில் ஏறினால் காப்பி ஆறுவதற்குள் போய்விடலாம் என்று சொல்வாள். (அவ்வளவு கிட்டத்தில் இல்லை. ஆசை அப்படிச் சொல்ல வைக்கிறது.) ஆனால் ஆறு வருஷமாக அவள் போகவில்லை. அவளுடைய அண்ணன் ஆவுடையப்பன் புது வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று, வாசலில் சந்தனக் கும்பாவை நீட்டிக்கொண்டு நின்றவர்கள் வீட்டு மாப்பிள்ளையான வல்லிநாயகத்தைத் தாண்டி, பின்னால் வந்த யாரோ ஒரு தாசில்தாருக்கு முதலில் நீட்டிவிட்டார்கள். வல்லிநாயகம் தோளில் கிடந்த நேரியலை உதறிப் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். இராமலட்சுமியும் பின்னாலேயே நடந்தாள். அதோடு போக்குவரத்து நின்றது. அண்ணனுக்கு ஆண்பிள்ளை பிறந்து இப்போது அஞ்சு வயது. அத்தைக்காரி இன்னும் அந்தப் பிள்ளை முகத்தைப் பார்க்கவில்லை.

இது அவள் மனசில் கிடந்தது. வெளியே, யார் என்ன சொன்னாலும் நம்பாத பெண்பிள்ளை என்று பேர் எடுத்திருந்தாள். பால்காரர் முன்னாலேயே விரலை விட்டுப் பார்த்துத்தான் பாலை வாங்குவாள்.

இனி எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று. குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்ததும் தென்காசிக்காரர்களுக்கு எங்கிருந்தெல்லாமோ சொந்தம் முளைக்கும். 'அருவிக்கு வந்தோம், அப்படியே ஒரு எட்டு உங்களையும்' என்று பெட்டியோடு நிற்பார்கள். வந்தவரை 'நீங்க யாரு?' என்று கேட்கக் கூடாது. கேட்டால், உனக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று முகத்தில் அடித்த மாதிரி. முதலில் செம்பில் தண்ணீர். அப்புறம் 'எப்ப வந்தீய?' கண்ணெதிரே வந்து நிற்கிறவரிடம்தான் இந்தக் கேள்வி. அப்புறம் இலை. ஆள் யாரென்பது பேச்சுவாக்கில் தானாக வெளியே வரும். வெளியே வரும்வரை பொறுக்க வேண்டும்.

"வாங்க அண்ணாச்சி, எப்ப வந்தீய?" என்றாள் இராமலட்சுமி.

"இந்தா, இப்பத்தான் தங்கச்சி. நேத்தே வந்திருக்கணும். நல்லாத் தூங்கிட்டேன், ரயிலு என்னையச் செங்கோட்டைக்குக் கொண்டு போயிருச்சு. அதுவும் நல்லதாப் போச்சு, அங்கன ஒருத்தர் கடையில புட்டும் பயறும் சாப்பிட்டேன் பாருங்க, இங்கன எறங்கியிருந்தாக் கெடைக்குமா?"

"செருப்பு?"

"ஒண்ணு வண்டியிலேயே போயிருச்சு. ஒண்ணு மிஞ்சிச்சுல்லா!"

உள்ளேயிருந்து வல்லிநாயகம் வந்தார். "அண்ணாச்சி, சுகமா இருக்கீயளா?" என்று அவரைப் பார்த்து விருந்தாளி கும்பிட்டார்.

இங்கேதான் முடிச்சு விழுந்தது. தன் புருஷனை அண்ணாச்சி என்கிறாரே, அப்படியானால் தம்பி முறை, அவர் வகைச் சொந்தம் என்று இராமலட்சுமி வைத்துக்கொண்டாள். தன் பெண்டாட்டியைத் தங்கச்சி என்கிறாரே, அப்படியானால் அண்ணன் முறை, அவள் வகை என்று வல்லிநாயகம் வைத்துக்கொண்டார். எங்கள் ஊரில் சோடாக் கடைக்காரரும் அண்ணாச்சிதான் என்பது அந்த நேரத்தில் இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை.*

* பெயரைக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். அவரே சொன்னார், குத்தாலிங்கம் என்று. இந்தப் பக்கத்தில் குத்தாலிங்கம் இல்லாத குடும்பம் உண்டா? அவள் வகையில் இரண்டு பேர், அவர் வகையில் மூன்று பேர். பத்திரிகையாசிரியர் இந்த இடத்தில் வேறு பெயர் வைக்கச் சொன்னார். வைத்தால் கதை அங்கேயே முடிந்துவிடும்.

3

இப்போது பிரயாணச் சங்கடங்கள். கார்டில் கேட்டிருக்கிறார் அல்லவா.

முதல் நாள் பஸ் மேலகரத்தில் படுத்துவிட்டது. விருந்தாளி நடந்தே குற்றாலம் போய் வந்து, "பசி எடுத்துச்சு பாருங்க, என்னா ருசி!" என்று இரண்டு தடவை ரசம் கேட்டார். இரண்டாம் நாள் குரங்கு மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. "இனிமே எல்லா முகமும் அழகாத் தெரியும்" என்றார். மூன்றாம் நாள் பேரருவி அவர் இடுப்பு வேட்டியை உருவிவிட்டது. யாரோ ஒரு புண்ணியவான் கொடுத்த துண்டைச் சுற்றிக்கொண்டு, தலையெல்லாம் எண்ணெய் வழிய, சிரித்தபடி படியேறினார். "பழைய வேட்டி தங்கச்சி. நானாத் தூரப் போட்டிருக்க மாட்டேன், அருவிதான் கழட்டிவிட்டுச்சு."

சிரித்தீர்களா? இராமலட்சுமி சிரிக்கவில்லை. ஒரு மனுஷனுக்கு இத்தனை நடக்குமா? நடந்தால் சிரிப்பு வருமா? அவளுடைய சந்தேகம் என்னுடைய சந்தேகமும்தான். எழுதுகிறவனே நம்பாத ஆளை அவள் எப்படி நம்புவாள்?

அவள் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தாள்.

"ஊர்ல எல்லாரும் சுகந்தானா அண்ணாச்சி?"

"சுகத்துக்கு என்ன கொற!"

"மழ தண்ணி உண்டுமா?"

"பேய வேண்டிய நேரத்துல பேயும்லா."

"பெரியவுக எப்பிடி இருக்காக?"

"உங்களப் பத்தித்தான் பேச்சு."

எந்த ஊருக்கும் பொருந்துகிற பதில். எந்தப் பெரியவருக்கும் பொருந்துகிற பதில். அடுக்களைக்குள் போய்ப் பல்லைக் கடித்தாள்.

நாலாம் நாள் ஒரு வெள்ளித் தம்ளரைக் காணவில்லை. அவளுக்கு நெஞ்சு திக்கென்றது. கூடவே 'பாத்தியா, நான் சொல்லல?' என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் வந்தது. சாயங்காலம் அது அரிசிப் பானைக்குள் கிடந்தது. அவளே அளக்கப் போட்டிருந்தாள். சந்தோஷம் போன வருத்தத்தில் அன்று குழம்புக்கு உப்புப் போட மறந்துவிட்டாள். விருந்தாளி, "உப்பு கொறச்சாத்தான் ஒடம்புக்கு நல்லது" என்று இலையை வழித்தார். வெளியே தள்ளிவிடலாம் போல இருந்தது அவளுக்கு.

அஞ்சாம் நாள் அவர் அருவிக்குப் போயிருந்தபோது டிரங்குப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள். துணிமணி இருக்கிற கனம் இல்லை. ஏதோ ஒன்று உள்ளே உருண்டது. (திற, திறந்து பார் என்று நான் மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் கையை எடுத்துக்கொண்டாள். 'விருந்தாளி பெட்டியத் தொறக்க நான் என்ன களவாணியா?' என்று என்னையே முறைக்கிறாள். எழுதியதை அடித்துவிட்டேன்.)

4

அவளை இன்னும் குழப்பியது வல்லிநாயகம். சாதாரணமாக, விருந்தாளி வந்த மூன்றாம் நாளே பஞ்சாங்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஊருக்குக் கிளம்ப எந்த நாள் நல்ல நாள் என்று சத்தமாக வாசிக்கிற மனுஷன் அவர். இந்த ஆளுக்கோ தன் சாய்வு நாற்காலியைக் கொடுத்தார். கடையம் சந்தையிலிருந்து புதுச் செருப்பு வாங்கி வந்தார். ஐந்தருவிக்குத் தானே கூட்டிப்போய், தன் கையாலேயே அவர் முதுகில் எண்ணெய் தேய்த்துவிட்டார். தம்பி முறை என்றால் இவ்வளவு நடக்குமா? கூடப் பிறந்த தம்பி வந்தபோதுகூட இவர் எழுந்து நிற்கவில்லையே.

எட்டாம் நாள் காலை. கிணற்றடித் தூணில் கண்ணாடியை மாட்டி வல்லிநாயகம் சவரம் பண்ணிக்கொண்டிருந்தார். விருந்தாளி அருவிக்குப் போயிருந்தார். இராமலட்சுமி சுடுதண்ணீர் கொண்டு வந்து வைத்தாள்.

"ஏட்டி, ஆளு என்னைக்குக் கெளம்புதாகளாம்?"

"தெரியலியே. நீங்கல்லா கேக்கணும்."

"நான் எப்பிடிக் கேக்க? உங்க அண்ணனுக்கு என்ன பதில் சொல்லி விடணும்னு நானும் எட்டு நாளா யோசிச்சுக்கிட்டு இருக்கேன். வந்த காரியத்த அவுக வாயத் தொறந்து சொல்லணும்லா."

அவளுக்குச் சட்டென்று ஓடவில்லை. "எங்க அண்ணனா?" என்றாள்.

"பின்ன யாரு? வந்து எறங்கினதும் ஒன்னயத் தங்கச்சின்னு கூப்பிட்டாகள்லா, அப்பமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, வாசுதேவநல்லூர் ஆளுன்னு. கெட்டிக்காரரு. நாமளா வாயத் தொறக்கட்டும்னு சிரிச்சுக்கிட்டே இருக்காரு." கத்தியைத் துடைத்தார். கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தே பேசினார். "ஆறு வருசமாச்சு. சந்தனமா பெரிசு? அது கெடக்கட்டும். கோவிச்சுக்கிட்டு வந்தவனக் கூப்பிட ஒரு ஆளு விடலியே ஒங்க அண்ணன், அதுல்லா எனக்கு. ஒரு ஆளு வந்தா நான் மாட்டேன்னா சொல்லப்போறேன்?"

தாடையில் வெட்டிக்கொண்டார். ரத்தத்தைத் துடைக்கிற சாக்கில் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார்.

இராமலட்சுமிக்கு அழுகை வந்தது. பயமும் வந்தது. ஆறு வருஷமாக இந்த மனுஷன் ஒரு ஆளுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பக்கத்திலேயே இருந்த தனக்கு அது தெரியவில்லை. அந்த ஆள் எங்க வகையும் இல்லை, உங்க வகையும் இல்லை, யாரோ என்று இப்போது ஒரு வார்த்தை சொன்னால் என்ன ஆகும்? யாரோ ஊர் பேர் தெரியாதவன் முதுகில் எண்ணெய் தேய்த்த வெட்கம் ஒரு பக்கம், மனசைத் திறந்து காட்டிவிட்ட வெட்கம் ஒரு பக்கம். இனி ஜென்மத்துக்கும் வாசுதேவநல்லூர்ப் பேச்சை எடுக்க மாட்டார்.

"தண்ணி ஆறுதே" என்றாள். 

5

இங்கே கதையை நிறுத்தி வைத்துவிட்டு நான் ஒன்று சொல்ல வேண்டும். பத்திரிகையாசிரியர் கார்டு போட்டதால் எழுதினேன் என்று முதலில் சொன்னேன். அது பாதிதான் உண்மை.

ஐம்பத்திரண்டில் எங்கள் வீட்டுக்கும் ஒருவர் வந்தார். ஆனி மாதம். நல்ல சிரித்த முகம். மூன்று நாள் இருந்தார். எந்த வகை என்று யாருக்கும் பிடிபடவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தவரிடம் நான் கேட்டுவிட்டேன்: "தப்பா நெனைக்கப்படாது, நீங்க யாரு?"

பிசைந்த கை அப்படியே நின்றது. சிரித்தபடியே இலையை மடித்தார். கையைக் கழுவினார். "தண்ணி நல்லா இருந்துச்சு தம்பி" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனார். எங்கள் வீட்டில் ஒரு சாமான் குறையவில்லை. அவர் யார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுபடி ஒரு தடவை அவரை உள்ளே கூப்பிடத்தான் இத்தனை எழுதுகிறேன் போலிருக்கிறது. அந்த ஒற்றைச் செருப்பு எங்கிருந்து வந்தது என்று இப்போது ஞாபகம் வருகிறது. மற்றது எங்கள் வீட்டு வாசலில் கிடந்தது. அவசரத்தில் விட்டுவிட்டுப் போயிருந்தார்.

6

பத்தாம் நாள் மத்தியானம் விருந்தாளி, "நாளைக்குக் கெளம்புதேன் தங்கச்சி" என்றார்.

இராமலட்சுமி பீரோவைத் திறந்தாள். கல்யாணச் சீராகக் கொண்டுவந்த வெள்ளிக் கூஜாவை எடுத்தாள். அடியில் அவளுடைய அப்பா பெயர் வெட்டியிருக்கும். அதை முந்தானையில் மறைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். அவர் துண்டு அலசிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நீங்க எந்தப் பக்கமாப் போறீய?"

"எந்தப் பக்கத்து பஸ் முதல்ல வருதோ, அந்தப் பக்கம்."

"ராஜபாளையம் பஸ்ல ஏறி வாசுதேவநல்லூர்ல எறங்குங்க. ஆவுடையப்பன் வீடுன்னு கேட்டா யாரும் காட்டுவாக. இந்தக் கூஜாவ அவுக கையில குடுங்க. பாத்தாத் தெரிஞ்சிரும்."

"யாரு குடுத்ததாச் சொல்ல?"

"எங்க வீட்டுக்காரக அனுப்புனதாச் சொல்லுங்க. ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொன்னாகன்னு சொல்லுங்க."

பத்து நாளில் முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "அண்ணாச்சி அனுப்பலியே?"

"அவுக மனசுல இருக்கதத்தான் சொல்லச் சொல்லுதேன்."

அவர் கூஜாவை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். நல்ல கனம். "தங்கச்சி, பத்து நாளாச்சு. நான் யாருன்னு ஒரு வார்த்த கேக்கலியே நீங்க?"

"கேக்க மாட்டேன்" என்றாள் இராமலட்சுமி. "கேட்டா நீங்க சொல்லிருவீய."

மறுநாள் வல்லிநாயகம் பஸ் ஸ்டாண்டு வரை போனார். சாரல் அடித்ததால் தன் குடையையும் கொடுத்தார். பஸ் நகர்கிற நேரத்தில்தான் அவருக்கு வாய் வந்தது. ஜன்னல் பக்கம் ஓடி, "அங்கன எல்லாரையும் கேட்டதாச் சொல்லுங்க!" என்றார். விருந்தாளி பதில் சொன்னாராம். சத்தத்தில் கேட்கவில்லையாம். சிரித்தது மட்டும் தெரிந்ததாம்.

7

முடிவுக்கு வந்துவிட்டேன். மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு: ராஜபாளையத்தில் ஒரு நகைக்கடையில் கூஜா விலை போயிற்று. அவர் புதுச் செருப்போடு இன்னொரு ஊரில், இன்னொரு வீட்டு வாசலில், சிரித்துக்கொண்டு... (இது என் புத்தி. இருபது வருஷமாக இப்படித்தான் எழுதி வருகிறேன்.)

இரண்டாம் முடிவு: ஆவுடையப்பன் சந்தனக் கும்பாவோடு காரில் வந்து இறங்கி, மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு... (இது பத்திரிகையாசிரியருக்கு. அவர் படம்கூடப் போடச் சொல்லிவிடுவார்.)

மூன்றாம் முடிவு: வழக்கம்போல அவர் பஸ்ஸில் தூங்கிவிட்டார். கண் விழித்தால் ராஜபாளையம். 'அதுவும் நல்லதாப் போச்சு' என்று இறங்கி... (இதுதான் அவர் குணத்துக்குப் பொருந்துகிறது. அதனாலேயே எனக்குப் பயமாக இருக்கிறது.)

மூன்றையும் அடித்துவிட்டேன். எனக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான்.

பதினாறு நாள் கழித்து, ஆவணி பிறந்த பிறகு ஒரு காலை. அதுவரை கூஜா எங்கே என்று வல்லிநாயகம் இரண்டு தடவை கேட்டுவிட்டார். மூடி சரியில்லை, ஆசாரியிடம் கொடுத்திருக்கிறேன் என்று இரண்டு தடவையும் சொன்னாள். ராஜபாளையத்திலிருந்து பஸ் வருகிற நேரம் அவளுக்கு இப்போது மனப்பாடம். ஒவ்வொரு தடவையும் அடுக்களை ஜன்னலில் நிற்பாள்; ஒவ்வொரு தடவையும் 'ஏமாந்த கழுத' என்று தன்னையே வைதுகொள்வாள்.

அன்று வெளி கேட்டின் கொண்டியை யாரோ விலக்குகிற சத்தம் வந்தது. சாரல் சாய்வாக அடித்ததால் வந்தவர் குடையை முகத்துக்கு நேரே தாழ்த்திப் பிடித்திருந்தார். கறுப்புக் குடை. எல்லாக் குடையும் கறுப்புத்தான். அதற்குக் கீழே வேட்டிக் கரை தெரிந்தது. அதன் பக்கத்தில் இன்னும் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது, அல்லது அது குடையின் நிழல்.

வல்லிநாயகம் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்தார். பேப்பர் கீழே விழுந்தது. உள் பக்கம் திரும்பி, பதினாலு வருஷத் தாம்பத்தியத்தில் முதல் தடவையாகக் கேட்டார்:

"ஏட்டி, யாரோ வந்திருக்காக. உங்க வகையா, எங்க வகையா?"

இராமலட்சுமி ஜன்னல் பக்கம் போகவில்லை. வாசலை எட்டிப் பார்க்கவுமில்லை. அந்தச் சந்தேகக்காரி, வந்தவர் யார் என்று தெரியாமலே, உலை அரிசியில் இன்னும் ரெண்டு உழக்கு அளந்து போட்டாள். 

"நம்ம வகைதான்" என்றாள்.

போய்க் கதவைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி. என்னால் ஆகாது. நான் அந்தக் கேள்வியை ஒரு தடவை கேட்டவன், இனி எனக்கு வாய் வராது. நீங்களும் எட்டுப் பத்து பக்கமாக இந்த வீட்டுக்குள்தான் இருக்கிறீர்கள். யார், எந்த வகை என்று உங்களை நான் கேட்டேனா? எழுந்து போய்த் திறங்கள். முதலில் தண்ணீர் கொடுங்கள். செம்பு அங்கன மாடத்தில் இருக்கிறது.